ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்

(நமது கிளையின் மூத்த அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரியதரிசி என்னிடம் "அந்தமானில் மூன்று வருஷம் உத்தியோகம் பார்த்திருக்கிறீர்களே, அதைப் பற்றி அரை மணி பேசுங்கள்" என்றார். செல்லுலார் ஜெயில், கடற்கரை, வெற்றிமலை முருகன் கோயில் என்று பேசிவிட்டுப் போயிருக்கலாம். இங்கே பாதிப் பேர் எல்.டி.சி.யில் போய் அவற்றையெல்லாம் பார்த்துவிட்டு வந்தவர்கள். ஆகவே டூரிஸ்டுகள் பார்க்காத ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன். ஆபரேஷன் தியேட்டரில் முகமூடி அணிந்து நம் தலைமாட்டில் நிற்பாரே, மயக்க மருந்து டாக்டர், அவரைப் பற்றியும் அவருடைய மேல்படிப்பைப் பற்றியும்தான். நான் டாக்டர் அல்ல. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்து, வானிலைத் துறையில் சேர்ந்து, காற்றையும் மழையையும் அளந்து ரிடையர் ஆனவன். தப்பு இருந்தால் இங்குள்ள டாக்டர்கள் கூட்டம் முடிந்தபின் தனியாகத் திருத்தட்டும்.

1984-ல் எனக்குப் போர்ட் பிளேருக்கு மாற்றல் வந்தது. (அந்த ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். எனக்கு வாயில் வருவது பழைய பெயர்தான், மன்னிக்க வேண்டும்.) சென்னைத் துறைமுகத்தில் ஹர்ஷவர்த்தனா கப்பல் ஏறினால் மூன்றாம் நாள் கரை தெரியும். என் சகதர்மிணி மூன்று நாளும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தாள். தூரம் சுமார் 1,190 கிலோமீட்டர். ஆனால் தீவில் இருப்பவனுக்கு மெயின்லேண்டு எவ்வளவு தூரம் என்பதை விட, பக்கத்துத் தீவு எவ்வளவு தூரம் என்பதே பெரிய கேள்வி. வடக்கே டிக்லிபூரிலிருந்து தெற்கே கிரேட் நிக்கோபார் வரை எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். சிறிதும் பெரிதுமாக 836 தீவுகளும் பாறைகளும் என்று அரசாங்கக் கணக்கு. ஜனங்கள் வசிப்பது அவற்றில் முப்பத்துச் சொச்சம் தீவுகளில்தான். 2011 சென்ஸஸ்படி மொத்த ஜனத்தொகை 3,80,581. நம் மாம்பலம், தி.நகர் பக்கம் இருப்பவர்களைக் கடலில் தூவிவிட்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1986 ஜூன். தென்மேற்குப் பருவக்காற்று அங்கே மே மாதக் கடைசியிலேயே வந்து உட்கார்ந்துவிடும். தெற்கே ஒரு தீவில் எங்கள் அலுவலகப் பையன் ஒருவன் மனைவியோடு இருந்தான். கும்பகோணம் பக்கம். அந்தப் பெண்ணுக்குத் தலைப்பிரசவம். ஊருக்கு அனுப்பியிருக்க வேண்டியது, கப்பல் டிக்கெட் தள்ளித் தள்ளிப்போய் நாள் கடந்துவிட்டது. நான் இன்ஸ்பெக்‌ஷனுக்காக அந்த வாரம் அங்கே போயிருந்தேன். ராத்திரி வலி எடுத்தது, விடிந்தும் குழந்தை இறங்கவில்லை. ஆஸ்பத்திரி என்று ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். டாக்டர் நல்லவர், இளைஞர். என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "சார், இது சிசேரியன் கேஸ். பக்கத்தில் ஒருத்தர் நின்று சொல்லிக்கொடுத்தால் கத்தி எடுக்க எனக்குத் தைரியம் உண்டு. மயக்கம் கொடுக்க ஆள் இல்லை. அது இல்லாமல் நான் தொட்டால் தாயும் போய்விடுவாள்."

அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால் அவர் சொன்னது முற்றிலும் நியாயம்.

போர்ட் பிளேருக்குக் கொண்டுபோக வேண்டும். கடலில் காற்று. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றச் சொல்லி முந்தின நாள் தகவல் போனதே எங்கள் இலாகாவிலிருந்துதான். இப்போது நானே போய், "கப்பல் எப்போது விடுவீர்கள்?" என்று கெஞ்சினேன். சாயங்காலம்தான் புறப்பட்டது. ராத்திரி முழுக்கப் பயணம். ஸ்ட்ரெச்சரைக் கயிற்றால் கட்டி, அந்தப் பெண்ணின் தலையை அவன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் எதிரே. காலையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. தாய் பிழைத்தாள். குழந்தை இல்லை. ஆண் குழந்தை.

"பகவத் சங்கல்பம்" என்று பெரியவர்கள் சமாதானம் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஆனால் எனக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கும் புத்தி உண்டு. கத்தி இருந்தது. டாக்டர் இருந்தார். தியேட்டர் என்று ஓர் அறையும் இருந்தது. இல்லாதது ஒரே ஒரு மனிதர். அந்த ஒருவரை உருவாக்க என்ன படிக்க வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று அப்போது ஆரம்பித்த விசாரணை இன்னும் முடியவில்லை.

கொஞ்சம் சரித்திரம். 1846 அக்டோபர் 16-ம் தேதி பாஸ்டன் நகரத்தில் மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதர் கொடுத்து, வலி தெரியாமல் கழுத்துக் கட்டியை அறுக்க முடியும் என்று பலர் முன்னிலையில் காட்டினார். அடுத்த வருஷம் மார்ச் 22-ம் தேதி கல்கத்தாவில் ஈதர் கொடுத்தாகிவிட்டது. கப்பல் மட்டுமே போக்குவரத்தாக இருந்த காலத்தில் ஐந்தே மாதம்! அதே 1847-ல் எடின்பரோவில் சிம்ப்ஸன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். அது இருதயத்தை நிறுத்துமா, மூச்சை நிறுத்துமா என்ற சண்டையைத் தீர்க்க 1888, 89-ல் நிஜாமின் ஹைதராபாதில் இரண்டு கமிஷன்கள் ஆராய்ச்சி செய்தன. அதே ஹைதராபாதில் படித்துப் பெண்மணி ஒருவர், ரூபாபாய் ஃபர்தூன்ஜி, மயக்க மருந்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்டார். உலகின் முதல் பெண் மயக்க மருந்து நிபுணர் என்று அவரைச் சொல்கிறார்கள். இது நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித்தரப்பட வேண்டிய பெயர். யார் சொல்கிறோம்?

பௌதிகம் படித்தவன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஈதர் சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும். சென்னை மே மாதத்தில் பாட்டிலைத் திறந்தாலே ஆவிதான். ஆவியாகும்போது தானும் குளிரும். குளிர்ந்தால் ஆவி குறையும், மயக்கமும் குறையும். இதைச் சமன்செய்ய 1950-களில் ஆக்ஸ்ஃபோர்டில் இ.எம்.ஓ. என்று ஒரு கருவி செய்தார்கள். ஈதர் பாத்திரத்தைச் சுற்றித் தண்ணீர் ஜாக்கெட். நோயாளி மூச்சு இழுக்கும்போது வெளிக்காற்றே அதன் வழியே போய் ஈதரைச் சுமந்து வரும். சிலிண்டர் வாயு இல்லாத ஊருக்கென்றே செய்தது போன்ற கருவி. தீவுகளில் ஆக்ஸிஜன் சிலிண்டர் என்பது கப்பல் வந்தால்தான் வரும் பொருளாக இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். பெரிய ஊரில் சுவரிலிருந்து குழாயில் ஆக்ஸிஜன் வருவதையே பார்த்துப் படித்த டாக்டர், சிலிண்டரில் இன்னும் எத்தனை மணி நேரத்துக்கு இருக்கிறது என்று பிரஷர் மீட்டரைப் பார்த்து மனக்கணக்குப் போடக் கற்றிருப்பாரா? விஷயம் அங்கேதான் இருக்கிறது.

இன்று மயக்க மருந்து நிபுணராக எம்.பி.பி.எஸ். முடித்து, நீட்-பி.ஜி. எழுதி, மூன்று வருஷம் எம்.டி. அல்லது டி.என்.பி. படிக்க வேண்டும். 2020-ல் தேசியத் தேர்வு வாரியம் இரண்டு வருஷ டிப்ளமோ படிப்புகளைத் தொடங்கியபோது அனஸ்தீஷியாவும் அதில் ஒன்று. இவற்றுக்கெல்லாம் முன்பே, இந்த நூற்றாண்டின் ஆரம்ப வருஷங்களில், எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்குப் பதினெட்டு வாரப் பயிற்சி கொடுத்து, அவசரப் பிரசவ ஆபரேஷனுக்கு மட்டும் மயக்க மருந்து கொடுக்கத் தயார்செய்யும் திட்டம் ஒன்றை மத்திய சர்க்கார் கொண்டுவந்தது. பதினெட்டே வாரம். 1986-ல் அது இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் குறைவு.

சரி, அந்த மூன்று வருஷம் என்ன படிக்கிறார்கள்? "ஊசி போட்டுத் தூங்கவைப்பதற்கா மூன்று வருஷம்?" என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. நானும் கேட்டவன்தான், 2023 வரை.

அந்த வருஷம் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். சென்னையில் ஓர் ஆஸ்பத்திரி. முந்தின நாள் சாயங்காலம் ஒரு பெண் வந்தாள், கையில் ஃபாரம், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். மயக்க மருந்துப் பிரிவில் மேல்படிப்பு இரண்டாம் வருஷம் என்றாள். முக்கால் மணி நேரம் கேள்வி. நிற்காமல் இரண்டு மாடி ஏறுவீர்களா? ராத்திரி குறட்டை விடுவீர்களா? (இதற்கு என் ஆத்துக்காரி பதில் சொன்னாள், விஸ்தாரமாக.) ஆடும் பல் உண்டா, கட்டின பல் உண்டா? வாயைத் திற, நாக்கை நீட்டு, கழுத்தைப் பின்னால் சாய். உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து எண் போட்டாள். இந்தப் பரீட்சைக்கு மல்லம்பட்டி என்று பெயராம். ஆந்திர தேசத்தில் பிறந்து பாஸ்டனில் வேலை பார்த்த டாக்டர் மல்லம்பட்டி 1985-ல் எழுதியது. மூச்சுக்குழாயில் டியூப் போடுவது சுலபமா சிரமமா என்று முன்கூட்டியே கணிப்பதற்கு. நம் வானிலை அறிக்கை மாதிரிதான், புயல் வருமா என்று முந்தின நாளே பார்ப்பது. இரண்டு மாடிக் கேள்வியும் அப்படித்தான். இருதயத்தில் எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்று செலவில்லாமல் தெரிந்துகொள்ளும் வழி.

கடைசியில், "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் அங்கிள்? ஆயுர்வேதம், தூக்க மாத்திரை, எதுவானாலும்" என்றாள். பி.பி. மாத்திரையைச் சொன்னேன். தூக்க மாத்திரையைச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷமாக ராத்திரி ஒன்று போட்டுக்கொள்கிறவன். பழைய சீட்டைக் காட்டிக் காட்டி வாங்கியது. ஒரு சின்னப் பெண்ணிடம் அதை ஒப்புக்கொள்ளக் கூச்சம். ஆபீஸராக இருந்த திமிர் என்றும் சொல்லலாம்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. இரண்டாம் நாள் ராத்திரி எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது. நான் கப்பலில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, ஹிந்தியில் எல்லோரையும் அதட்டி, காற்றின் வேகம் என்ன என்று கேட்டேனாம். டிரிப் ஊசியைப் பிடுங்கிவிட்டேனாம். பையனை யாரென்று தெரியவில்லையாம். வீட்டில் எல்லோரும் பக்கவாதம் என்றே பயந்துவிட்டார்கள். வந்து பார்த்தது அதே பெண். சோடியம், சர்க்கரை, ஆக்ஸிஜன், மூத்திரம் போகிறதா என்று ஒன்றொன்றாகப் பார்த்துவிட்டு, என் ஆத்துக்காரியைத் தனியே அழைத்து, "ஆன்ட்டி, அங்கிள் தினம் தூக்க மாத்திரை போடுவாரா?" என்று கேட்டாளாம். இவள் அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். பல வருஷம் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகும். காரணம் தெரிந்ததும் அதற்கு வைத்தியம் செய்தார்கள். என் கண்ணாடியையும் காதுக் கருவியையும் எடுத்து மாட்டச் சொன்னாள். சுவரில் கடிகாரம் தெரியும்படி கட்டிலைத் திருப்பினாள். வீட்டு மனுஷர் ஒருவர் கூடவே இருந்து பேசிக்கொண்டே இருக்கட்டும் என்றாள். வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் இந்தத் தடுமாற்றம் சகஜமாக வருவது, பல பேருக்குத் தூக்க மாத்திரை இல்லாமலே வருவது, அதைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதும் இந்தப் படிப்பில் ஒரு பாடம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மூன்று வருஷமும் ஊசி போடக் கற்பதற்கு அல்ல. முன்னால் நோயாளியைத் தயார் செய்வது, நடுவில் உயிரைக் காவல் காப்பது, பின்னால் வலி, வாந்தி, மூச்சு, புத்தி எல்லாவற்றையும் கவனிப்பது, தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு விழிப்பது. லண்டன் யூனிவர்சிடி காலேஜிலும் ஆஸ்திரேலியாவின் மொனாஷிலும் ஆபரேஷனைச் சுற்றியுள்ள இந்தக் கவனிப்பையே தனி முதுநிலைப் படிப்பாக வைத்திருக்கிறார்கள். நம் தேசத்தில் பெரும்பாலும் எம்.டி. அனஸ்தீஷியாவுக்குள்ளேயே இது அடங்கிவிடுகிறது.

புத்தி தெளிந்த பின் மன்னிப்புக் கேட்டேன். "அங்கிள், நீங்கள் ஹிந்தியில் கத்தும்போது 'ஹடோ, ஜெட்டி காலி கரோ' என்றீர்களே, எங்கள் ஊர் ஹிந்தி அது. எங்கே கற்றீர்கள்?" என்றாள். அவள் டிக்லிபூர்ப் பெண்! தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பேத்தி. அந்தமானில் 2015-ல் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். பாண்டிச்சேரி யூனிவர்சிடியோடு சேர்ந்தது, முதல் வருஷமே நூறு இடம். அந்த முதல் செட்டில் படித்தவள். அதன் ஆஸ்பத்திரி ஜி.பி. பந்த், 1963-ல் செல்லுலார் ஜெயில் வளாகத்தில் வந்தது. ஏழு சிறகுகளாக இருந்த ஜெயிலில் இன்று மூன்றே மிச்சம். காலாபானி என்று நம் முன்னோர் பயந்த இடத்தில் இன்று பிள்ளைகள் உடற்கூறு படிக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது.

"திரும்பிப் போவாயா?" என்றேன். அவள் உடனே ஆமாம் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. "போகத்தான் ஆசை அங்கிள். ஆனால் வெளித்தீவில் ஒரே ஒரு மயக்க டாக்டர் என்றால் அவள் லீவு போட முடியாது, ஜுரத்தில் படுக்க முடியாது, கல்யாணத்துக்குப் போக முடியாது. சந்தேகம் வந்தால் கேட்க சீனியர் கிடையாது. இங்கே எனக்குப் பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். அங்கே என் பின்னால் கடல்தான்" என்றாள்.

லான்ஸெட் கமிஷன் 2015-ல் ஒரு கணக்குச் சொன்னது. உலகத்தில் ஐந்நூறு கோடிப் பேருக்கு வேண்டிய நேரத்தில், பத்திரமாக, கட்டுப்படியாகும் விலையில் ஆபரேஷன் கிடைப்பதில்லை. லட்சம் பேருக்குச் சர்ஜன், மயக்க நிபுணர், பிரசவ நிபுணர் மூவரும் சேர்த்து இருபது பேராவது வேண்டும். சிசேரியன், வயிறு திறக்கும் ஆபரேஷன், வெளியே தெரியும் எலும்பு முறிவு இம்மூன்றும் இரண்டு மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டும். அந்தமானுக்கு 3.8 லட்சம் பேர் என்றால் எழுபத்தாறு நிபுணர்கள். காகிதத்தில் சுலபமான பெருக்கல்தான். ஆனால் எழுபத்தாறு பேரும் தலைநகரிலேயே இருந்தால், ஜூன் மாதத்தில் இரண்டு மணி நேரம் என்பது கப்பலுக்கும் புரியாது, ஹெலிகாப்டருக்கும் புரியாது. இதை மேகத்தைப் பார்த்தே சம்பளம் வாங்கியவன் சொல்கிறேன்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இடம் எத்தனை என்ற சண்டையை விட, பயிற்சி எங்கே என்பதே முக்கியம். இப்போது எம்.டி. படிப்பவர்கள் அனைவரும் மூன்று மாதம் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தே ஆக வேண்டும் என்ற விதி 2020-ல் வந்திருக்கிறது. நல்ல விதி. பலர் அதை ஒரு சடங்காகச் செய்கிறார்கள் என்று கேள்வி. அந்த மூன்று மாதத்தை மெயின்லேண்டுப் பிள்ளைகள் சிலர் தீவுகளில் கழித்தால், சிலிண்டர் கணக்கும் கற்பார்கள், அங்கே தனியாக இருக்கும் டாக்டருக்கு ஒரு வாரம் லீவும் கிடைக்கும். டெலிபோனில் வீடியோவில் எந்நேரமும் சீனியர் ஒருவர் கிடைக்க ஏற்பாடு வேண்டும். தீவுக்குத் திரும்புகிறவரை இரண்டிரண்டு பேராக அனுப்ப வேண்டும். சர்க்கார் உத்தியோகத்தில் தனி ஆளாகத் தீவில் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒன்று சிபாரிசு பிடித்து ஓடிவிடுவான், அல்லது குடிக்க ஆரம்பிப்பான்.

எல்லாவற்றுக்கும் பெரிய மெஷின் வேண்டும் என்பதும் இல்லை. 2007, 2008-ல் அதுல் கவாண்டே குழுவினர் புதுடில்லி உள்பட எட்டு நகரங்களில் ஒரு பட்டியலைப் பரீட்சித்தார்கள். மயக்கத்துக்கு முன், கத்தி வைக்கும் முன், தியேட்டரை விட்டு வெளியே வரும் முன் என்று மூன்று முறை நிறுத்தி, பத்தொன்பது விஷயங்களை வாய்விட்டுச் சரிபார்ப்பது. ஆள் இவர்தானா, பக்கம் இதுதானா, அலர்ஜி உண்டா, ரத்தம் தயாரா. அவ்வளவுதான். மரணம் நூற்றுக்கு 1.5 என்றிருந்தது 0.8 ஆனது. சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆனது. ஒரு காகிதம்! நாம் கூட சங்கல்பத்தில் இடம், காலம், யார் என்று சொல்லிவிட்டுத்தானே ஆரம்பிக்கிறோம்.

கும்பகோணத்துப் பையன் இப்போது பேரன் எடுத்துவிட்டான். அடுத்த பிரசவத்துக்கு மனைவியை ஆறாம் மாதமே ஊருக்கு அனுப்பிவிட்டான், பெண் பிறந்தது. அந்த ஜூன் ராத்திரியைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. டிக்லிபூர்ப் பெண் 2025-ல் எம்.டி. பாஸ் செய்தாள். போன் வந்தது. தீவுக்குத்தான் போயிருக்கிறாள், கூட இன்னொரு டாக்டரும் இருக்கிறாராம். "இருவரும் மாறி மாறித் தூங்குகிறோம் அங்கிள்" என்றாள்.

கூட்டம் முடிந்ததும் முன்வரிசை மாமி ஒருவர் கேட்ட கேள்வியையும் எழுதச் சொன்னார்கள்: "ஆபரேஷன் அன்று காலையில் காபி சாப்பிடலாமா?" பொதுவான விதி இது. தண்ணீர், தெளிந்த திரவங்கள் இரண்டு மணி நேரம் முன்புவரை. லேசான ஆகாரம் ஆறு மணி நேரம் முன்புவரை. வடை, பூரி மாதிரி எண்ணெய்ப் பதார்த்தம் என்றால் இன்னும் அதிகம். பால் சேர்ந்தால் காபியும் ஆகாரக் கணக்குத்தான், ஆறு மணி நேரம். பால் இல்லாத கடுங்காபி தண்ணீர்க் கணக்கு. ஆனால் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் மற்ற சிலருக்கும் இது மாறும். உங்கள் மயக்க டாக்டர் சொல்வதே முடிவு. மாமி, "கடுங்காபிக்கு நான் பட்டினியே கிடப்பேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.